மண்ணில் 9, வானத்தில் 24

கேள்வி: ஐயா, நான் வேளாண்மை முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. சிவகங்கை மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை உண்டு, உளுந்து நிற்கிறது. ஆய்வேட்டுக்காக நாசாவின் ‘ஸ்மாப்’ செயற்கைக்கோள் தரும் மண் ஈரத் தரவை இறக்கி, எங்கள் வயல் விழுகிற கட்டத்தைப் பார்த்தேன். தை முதல் வாரத்தில் ஒரு நாள் 0.24 என்று காட்டியது, அதாவது 24 சதவீதம். அதே நாள் பகல் பதினொரு மணிக்கு வயலில் மூன்று இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, ஓவனில் 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போட்டேன். சராசரி 9 சதவீதம்தான் வந்தது. அப்பா, “மிதிச்சுப் பாத்தாத் தெரியாதா, இதுக்கு ராக்கெட் விடணுமா?” என்று சிரிக்கிறார். என் வழிகாட்டியோ, “அது உலகம் முழுக்கச் சரிபார்த்த தரவு. பிழை உன் மாதிரியில்தான் இருக்கும், அதை விட்டுவிடு” என்கிறார். யார் சொல்வது சரி? சரிபார்த்தார்கள் என்றால், எதை வைத்துச் சரிபார்த்தார்கள்?

பதில்: யார் சரி என்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். உங்கள் 9 எடைக் கணக்கு: 100 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 9 கிராம் தண்ணீர். ஸ்மாப்பின் 24 கன அளவுக் கணக்கு: 100 கன செ.மீ. மண்ணில் 24 கன செ.மீ. தண்ணீர். இரண்டும் சதவீதம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. எடைக் கணக்கை மண்ணின் பரும அடர்த்தியால் பெருக்கினால்தான் கன அளவு கிடைக்கும். உங்கள் மண்ணின் அடர்த்தி 1.5 என்று வைத்துக்கொண்டால் 9 என்பது 13.5 ஆகிறது. இடைவெளி பதினைந்திலிருந்து பத்தரைக்கு இறங்கிவிட்டது. அடர்த்தியை நான் சும்மா வைத்துக்கொண்டேன். நீங்கள் உருளை வளையம் அடித்து அளக்க வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்த ஆய்வேடுகளை நான் கைவிரல்களுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஆழம். ஸ்மாப்பின் எண் மேல் 5 செ.மீ. மண்ணுக்கானது. நீங்கள் எடுத்தது 15 செ.மீ. வரை. மழை நின்று பத்து நாள் ஆன வயலில் மேல்மண் காய்ந்து, அடியில் ஈரம் தங்கியிருக்கும். அப்படியானால் உங்கள் மேல் 5 செ.மீ.யின் ஈரம் 13.5-க்கும் கீழேதான் இருந்திருக்கும். இந்தத் திருத்தம் இடைவெளியைக் குறைக்காது, கூட்டும். எனக்கு வசதியாக இல்லை என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

நேரமும் பொருந்தவில்லை. ஸ்மாப் தன் காலைப் பாதையில் உங்கள் ஊரைச் சூரிய நேரப்படி ஆறு மணிக்கு, நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 6:15-க்குக் கடக்கிறது. நீங்கள் மண் எடுத்தது பதினொரு மணிக்கு. தை வெயிலில் அந்த ஐந்து மணி நேரத்தில் மேல்மண் கொஞ்சம் இழந்திருக்கும், ஆனால் பத்துப் புள்ளி இழக்காது.

பெரிய காரணம் பரப்பு. ஸ்மாப்பின் அடிப்படைக் கட்டம் பக்கத்துக்கு 36 கி.மீ.; பரப்பு 1,296 சதுர கி.மீ., ஏக்கரில் சொன்னால் மூன்று லட்சத்து இருபதாயிரம். அதில் உங்கள் பங்கு இரண்டு ஏக்கர், மூன்று குழி. உங்கள் மாவட்டம் முழுவதையுமே மூன்று, நான்கு கட்டங்களுக்குள் அடக்கிவிடலாம். “நான் இறக்கியது 9 கி.மீ. தரவாயிற்றே” என்று சொல்லாதீர்கள். அந்த 9 கி.மீ. கட்டம், ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு நெருக்கமாக வரைந்த கோடுகள். கோடு நெருங்கியது; பார்வை அவ்வளவாக நெருங்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் இன்னமும் முப்பது கி.மீ.க்கு மேற்பட்ட அகலத்தைத்தான் பேசுகிறது.

அந்தப் பரப்பில் தை மாதம் என்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிரம்பிய கண்மாய்கள், பாசனத்தில் நிற்கும் சம்பா நெல், கருவேலங்காடு, ஊர், ரோடு, கடைசியில் உங்கள் உளுந்து. கண்மாய் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு, அந்தக் கோள் உண்மையில் எதைக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஸ்மாப் ஈரத்தை அளப்பதில்லை. சூடுள்ள எந்தப் பொருளும் மெல்லிய வானொலி அலைகளை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது, மண்ணும் அப்படித்தான். 685 கி.மீ. உயரத்தில், நிமிடத்துக்கு 14.6 முறை சுழலும் ஆறு மீட்டர் வலைக்கிண்ணம் ஒன்றைக் குடைபோல் விரித்து, 1.41 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த உமிழ்வைப் பிடிக்கிறது ஸ்மாப். அதன் ரேடியோமீட்டருக்கு வந்து சேரும் திறன், ஒரு வாட்டைப் பத்து லட்சம் கோடியாகப் பங்கு போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு அளவே. உமிழ்வின் வலிமையைக் கெல்வினில் சொல்வார்கள். ‘ஒளிர்வு வெப்பநிலை’ என்று பெயர். பெயரில் வெப்பநிலை இருந்தாலும் தெர்மாமீட்டர் காட்டுவது அதுவல்ல.

உலர்ந்த மண் இந்த அலையை நன்றாக உமிழும். தண்ணீர் மோசமாக உமிழும். மின்காப்பு மாறிலி என்ற குணத்தில் உலர்ந்த மண் 3, 4 என்று இருக்க, தண்ணீர் 80-ஐ ஒட்டி நிற்கிறது. அந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் இந்தத் துறை முழுவதும் நிற்கிறது. 300 கெல்வின் சூட்டில் காய்ந்த வெற்று நிலம் 285 போல ஒளிர்ந்தால், ஊறிய நிலம் 180 வரை இறங்கும். மண்ணில் ஈரம் ஒரு புள்ளி கூடினால் வெற்று நிலத்தில் ஏறக்குறைய 2, 3 கெல்வின் குறையும். திறந்த நீர்ப்பரப்போ 100 கெல்வினை ஒட்டி, இந்த அலைவரிசையில் இருட்டாகவே தெரியும்.

இப்போது உங்கள் கட்டத்துக்கு வாருங்கள். நிலம் 260 கெல்வினில் ஒளிர்கிறது, கட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கண்மாய்த் தண்ணீர் என்று வையுங்கள். 260-இன் 95 சதவீதம் 247, 100-இன் 5 சதவீதம் 5, கூட்டினால் 252. எட்டு கெல்வின் இறங்கிவிட்டது. மண்ணில் ஒரு சொட்டும் கூடாமல் மூன்று, நான்கு புள்ளி ஈரம் கூடியதாகக் கணக்கு காட்டும். தண்ணீரின் பங்கு தெரிந்தால் கழித்துவிடலாம், கழிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கழிப்பது ஒரு நிலையான நீர் வரைபடத்தை வைத்து. பங்குனியில் ஆடு மேயும் கண்மாய் தையில் கடலாக நிற்பது அந்த வரைபடத்துக்கு எப்படித் தெரியும்? இப்படி வந்துபோகும் நீரைக் கண்டுபிடிக்கவும் உதவும் ஒரு ரேடாரை ஸ்மாப்பில் வைத்திருந்தார்கள். 2015 ஜனவரி 31-இல் ஏவிய கோளில் அந்த ரேடார் அதே ஆண்டு ஜூலை 7-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. உங்கள் 24-இல் ஒரு பகுதி கண்மாய், ஒரு பகுதி நெல் வயலில் நிற்கும் தண்ணீர், மீதிதான் மண் என்பது என் கணிப்பு. கண்மாய் வற்றும் சித்திரையில் இதே ஒப்பீட்டைச் செய்து பாருங்கள். இடைவெளி சுருங்கினால் என் கணிப்பு சரி.

கோள் பிடித்த சத்தம் 0.24 ஆக மாறுவதற்குள் அது கடக்கும் படிகள் பல. எல்லாவற்றையும் விரிக்க இடமில்லை. முதலில் அளவுத் திருத்தம். கருவியின் சொந்த மின்சுற்றே சூட்டுக்கேற்ப ஏறி இறங்கும். அதனால் கருவிக்குள் சூடு தெரிந்த ஒரு ஒப்பீட்டுப் பளுவையும், அளவு தெரிந்த இரைச்சலை ஊட்டும் ஒரு டயோடையும் வைத்து அடிக்கடி ஒப்பிடுகிறார்கள். அவ்வப்போது கோளையே திருப்பி 2.7 கெல்வின் விண்வெளியைப் பார்க்க வைக்கிறார்கள். தராசை மெய்ப்பிக்க எடைக்கல் வைப்பது மாதிரிதான்.

இரண்டாவது, குறுக்கீடு. 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது உலக ஒப்பந்தம். 2009 நவம்பரில் ஐரோப்பியர்கள் ‘ஸ்மாஸ்’ என்ற கோளை இதே அலைவரிசையில் ஏவியபோதுதான், ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கிலும் ஆசியாவிலும் எத்தனை கருவிகள் அந்த ஒப்பந்தத்தை மீறுகின்றன என்பது அம்பலமானது. நாடு நாடாகக் கடிதம் எழுதி ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்மாப், அலைவரிசையைப் பதினாறு துண்டாக நறுக்கி, கெட்ட துண்டை மட்டும் எறியும் ஏற்பாட்டோடு போனது. ஒன்றை நினைவில் வையுங்கள்: குறுக்கீடு எப்போதும் ஒளிர்வைக் கூட்டும், அதனால் மண் காய்ந்ததாகத் தெரியும். கண்மாய் ஒளிர்வைக் குறைக்கும், மண் ஈரமாகத் தெரியும். பிழை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்த்தாலே பாதி நோய் புரிந்துவிடும்.

பிறகுதான் ஒளிர்விலிருந்து ஈரம். மண்ணின் சூடு எவ்வளவு? ஸ்மாப்புக்குத் தெரியாது, வானிலை மாதிரியிலிருந்து கடன். களிமண் எவ்வளவு? உலக மண் வரைபடத்திலிருந்து கடன். பயிர் எவ்வளவு மறைக்கிறது? ஒரு வழிமுறையில் அது பல ஆண்டுகளின் சராசரிப் பச்சையத்திலிருந்து கடன். இந்தக் கடைசிக் கடன் வறட்சி ஆண்டில் வட்டியோடு திரும்பும். பயிர் பாதி கருகி நிற்கும்போது கணக்கு முழுப் பயிர் இருப்பதாக நினைத்து, அதன் உமிழ்வைக் கூடுதலாகக் கழிக்கும். மண் உள்ளதைவிட ஈரமாகத் தெரியும். வறட்சியைப் பார்க்க வைத்த கண், வறட்சியிலேயே கொஞ்சம் மங்குகிறது. காலை ஆறு மணியைத் தேர்ந்ததும் இந்தக் கடன்களைக் குறைக்கத்தான்: அப்போது மண்ணும் இலையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், மேலே அயனிமண்டலமும் அடங்கியிருக்கும்.

சரிபார்ப்புக்கு வருவோம். உங்கள் வழிகாட்டி சொன்னது உண்மை. இது நன்றாகச் சரிபார்த்த தரவுதான். எதை வைத்து? மண்வெட்டியையும் ஓவனையும் வைத்து! அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் லிட்டில் வாஷிட்டா, அரிசோனாவில் வால்நட் கல்ச், ஆஸ்திரேலியாவில் யான்கோ, கனடாவில் கெனாஸ்டன், ஸ்பெயினில் ரெமெதுஸ் போன்ற இடங்களில் ஒரு கட்டத்துக்குள் பல நிலையங்களை வைத்து, மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்திருக்கிறார்கள். அந்த உணரிகளும் பொய் சொல்லும் என்பதால், நீங்கள் செய்ததைப் போலவே மண் எடுத்து 105 டிகிரியில் உலர்த்தி அவற்றைத் திருத்துகிறார்கள். 2012-இல் கனடாவின் மானிடோபாவில், கோளை ஏவுவதற்கு முன்பே, வாரக்கணக்கில் ஆட்கள் வயல் வயலாக நடந்து மண் எடுத்தார்கள். மேலே விமானத்தில் அதே வகைக் கருவி பறந்தது. வானத்துத் தரவின் மூலப்பத்திரம் கடைசியில் ஒரு தகர டப்பாவில் உள்ள மண்தான். உங்கள் மாதிரியை எறிவது அந்தப் பத்திரத்தின் ஒரு பக்கத்தைக் கிழிப்பது.

ஆனால் அவர்கள் வாங்கிய மதிப்பெண் எதற்கு என்று பாருங்கள். குறித்த இலக்கு: பிழை 0.04-க்குள், அதாவது நான்கு புள்ளிக்குள். அந்தப் பிழையைக் கணக்கிடுவதற்கு முன் நிரந்தரச் சாய்வைக் கழித்துவிடுகிறார்கள். எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தை ‘சரியாக ஓடுகிறது’ என்று சொல்வதைப் போல. மோசடி இல்லை, வெளிப்படையாகவே அப்படித்தான் அறிவிக்கிறார்கள். கட்டத்தின் சராசரியும் நிலையங்களின் சராசரியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஏற்ற இறக்கம் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி என்பது அவர்கள் நியாயம். அந்த மதிப்பெண்ணும் பயிரின் நீர்ச்சத்து சதுர மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டாத, மலையில்லாத, திறந்த நீர் குறைந்த நிலத்துக்குத்தான். கண்மாய்ச் சீமை அந்தத் தேர்வை எழுதவில்லை.

ஆகவே உங்கள் 9-ஐயும் அவர்கள் 24-ஐயும் ஒரே ஒரு நாளில் எதிரெதிரே நிறுத்தி யார் சரி என்று கேட்பது, இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். ஒரு பருவம் முழுக்க எடுங்கள். மழைக்குப் பின் இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா, சேர்ந்து காய்கின்றனவா என்று பாருங்கள். கோளின் எண் கொஞ்சம் வேகமாகக் காய்வதாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது அது 5 செ.மீ.க்கும் குறைந்த ஆழத்தையே பார்க்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

தரையில் எதுவும் புதைக்காத இடங்களுக்கு என்ன செய்வார்கள் என்று அடுத்து கேட்பீர்கள். 1998-இல் அட் ஸ்டாஃபலன் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் கடல் காற்றுக்காக ஒரு வழி சொன்னார். மூன்று தனித்தனி அளவைகள் இருந்து, அவற்றின் பிழைகளுக்கு ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை என்றால், உண்மை எது என்று தெரியாமலே ஒவ்வொன்றின் பிழை அளவையும் கணக்கிட்டுவிடலாம். மூன்று சாட்சிகளைத் தனித்தனி அறையில் விசாரிப்பது போன்றது. இதையே பிறகு மண் ஈரத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். சாட்சிகள் முன்கூட்டியே பேசி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஸ்மாப்பின் நான்காம் படித் தரவு என்பது ஸ்மாப் ஒளிர்வை ஊட்டிய மாதிரி. அதை ஸ்மாப்போடு ஒப்பிட்டு ‘அருமையாகப் பொருந்துகிறது’ என்றால், அண்ணனுக்குத் தம்பி சாட்சி சொன்ன கதை.

வல்லுநர்களும் தவறுவார்கள் என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய வழக்கு ஒன்று உண்டு. 1978 முதல் அமெரிக்க வானிலைக் கோள்களின் நுண்ணலைக் கருவிகள் வளிமண்டல வெப்பநிலையைப் பதிந்துவருகின்றன. 1990-இல் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் அதைத் தொகுத்தார்கள். தரை வெப்பமானிகள் சொன்ன அளவுக்குக் காற்று சூடாவதாகத் தெரியவில்லை. பல ஆண்டு வாக்குவாதம். 1998-இல் ஃபிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒரு காரணத்தைக் காட்டினார்கள்: கோள்கள் மெல்ல மெல்ல உயரம் இறங்குகின்றன, அதனால் பார்வைக் கோணம் மாறி, இல்லாத குளிர்ச்சி கணக்கில் நுழைகிறது. 2005-இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் இன்னொன்றைக் கண்டார்கள். கோள் கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு நழுவுவதற்காகச் செய்த திருத்தத்தில், வெப்பமண்டலப் பகுதிக்குக் கூட்டல் கழித்தல் குறியே மாறியிருந்தது. முதல் குழு ஏற்றுத் திருத்திக்கொண்டது. கருவியில் எந்தக் கோளாறும் இல்லை. எல்லாம் மேசையில் நடந்தது. கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், வேறொரு குழு அதே மூலப் பதிவைத் தன் கையால் மறுபடி கணக்கிட்டதுதான்.

இனி உங்கள் ஆய்வேடு. தரவுக் கோப்பில் ஈர எண்ணுக்குப் பக்கத்திலேயே தரக்குறி என்று ஒரு எண் இருக்கும். ‘பரிந்துரைக்கப்பட்டது’ என்ற நிலை உங்கள் கட்டத்துக்கு எத்தனை நாள் இருந்தது என்று முதலில் எண்ணுங்கள். தரவு இல்லாத இடத்தில் –9999 என்று போட்டிருப்பார்கள். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்து, மண்ணில் எதிர்மறை ஈரம் கண்ட வரைபடம் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. ஸ்மாப் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும். அது வரும் நாளின் அட்டவணையைப் பார்த்து, காலை எட்டு மணிக்குள் மண் எடுத்துவிடுங்கள். ஆழம் 5 செ.மீ.; அதற்கு மேல் வேண்டாம். வளையம் அடித்து அடர்த்தியும் எடுங்கள்.

மூன்று குழி போதாது. உங்கள் வயலோடு நிற்காமல் கரிசல், செம்மண், நெல் வயல், தரிசு என்று கட்டத்துக்குள் பரவி இருபது இடமாவது வேண்டும். கூடவே ‘சென்டினல்-1’ ரேடார் படங்களை இலவசமாக இறக்கி, அந்தந்த நாளில் கண்மாய்த் தண்ணீர் கட்டத்தில் எத்தனை சதவீதம் என்று அளந்து, என் எட்டு கெல்வின் கணக்கை நிஜ எண்ணோடு போட்டுப் பாருங்கள். அந்த ஒரு அத்தியாயமே உங்கள் ஆய்வேட்டுக்குப் போதும் என்பேன். 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ‘நிசார்’ செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை இதைவிடப் பன்மடங்கு நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் அது ரேடார்; உழவுசாலின் மேடு பள்ளத்தையும் பயிரின் நிற்கும் வாக்கையும் ஈரத்திலிருந்து பிரித்தாக வேண்டும். அதைச் சரிபார்க்கவும் யாராவது இதே மாதிரி வயலில் இறங்க வேண்டியிருக்கும்.

இருபது இடத்துக்கும் வாரத்துக்கு மூன்று முறை நடக்க முடியாது என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அதற்கும் வழி உண்டு. 1985-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு, ஒரு வயலில் சில புள்ளிகள் எந்த நாளில் அளந்தாலும் வயலின் சராசரியை ஒட்டியே நிற்கும் என்று காட்டியது. சில எப்போதும் காய்ந்தவை, சில எப்போதும் ஈரமானவை. அந்தச் சராசரிப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டால் பருவம் முழுக்க அங்கே மட்டும் அளந்தால் போதும். எங்கே தேடுவது என்பதற்கு அப்பாவைக் கூப்பிடுங்கள். மழை விட்ட பிறகு எந்த மூலை முதலில் உழவுக்குப் பதமாகும், எது கடைசிவரை காலில் ஒட்டும் என்று அவர் சொல்வார். அந்த இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் அவர் பேச்சிலேயே வராத இடத்தில் முதல் வளையத்தை அடியுங்கள்.